கரை தெரிகிறது, இறங்கக் கூடாது!

முகத்துவாரக்குப்பத்துக்கு மாலை வேளையில் வந்து நிற்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது கப்பல்கள்தாம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மறு பக்கம் வலை உலர்த்தும் மணல் திட்டு. எதிரே வங்கக் கடல். எண்ணூரில் 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட துறைமுகத்தில் இடம் காலியாகும் வரையில், சரக்குக் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சிக் காத்து நிற்கும். இருட்டிய பிறகு அவற்றின் விளக்குகளைப் பார்த்தால், கடலுக்குள் ஒரு சிறு கிராமம் முளைத்துவிட்டதோ என்று தோன்றும்.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தக் கரைக்கு அழைத்து வந்திருந்தோம். ஒரு சிறுவன் கேட்டான்: "அதுல இருக்கறவங்களுக்கு நம்ம ஊரு தெரியுமா சார்?"

"நன்றாகத் தெரியுமே" என்றோம்.

"அப்ப ஏன் சார் எறங்கி வரல?"

துறைமுக விதிகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அந்தக் கேள்வியின் கனம் நமக்கு 2020-ஆம் வருஷத்தில்தான் விளங்கிற்று. விளங்க வைத்தவனும் அதே சிறுவன்தான்.

குப்பத்துப் பிள்ளை

அவன் பள்ளிப் படிப்பை முடித்து, சமையற்கலை பயின்று, அயல்நாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் வேலைக்கு அமர்ந்தான். தகப்பனார் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். மகன் மாடி மேல் மாடி வைத்த கப்பலில் போனான். ஒப்பந்தப்படி 2020 ஏப்ரலில் அவன் ஊர் திரும்ப வேண்டும். வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பந்தலுக்கு முன்பணம் கொடுத்தவன் அவன்.

அந்த மார்ச் மாதத்தில் உத்தரவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 11-ஆம் தேதி, அயல்நாட்டாருக்கு அளித்திருந்த விசாக்களில் பெரும்பாலானவற்றை இந்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. 13-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. 22-ஆம் தேதி முதல் அயல்நாட்டுப் பிரயாணி விமானங்கள் நின்றன. 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். அன்று நள்ளிரவே தேசம் முழுவதும் அடைக்கப்பட்டது. ஜனங்களுக்குக் கிடைத்த அவகாசம் நாலு மணி நேரம். மற்ற தேசங்களும் தத்தம் துறைமுகங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன.

நம் பிள்ளை இருந்த கப்பலில் பிரயாணிகள் எப்படியோ ஒரு துறைமுகத்தில் இறங்கித் தனி விமானங்களில் வீடு சேர்ந்தார்கள். ஊழியர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். விருந்தினர் இல்லாத கப்பலில் சமையற்காரனுக்கு என்ன வேலை? ஆளுக்கொரு அறையில் அடைத்து, வேளாவேளைக்குக் கதவோரம் சாப்பாடு வைத்தார்களாம். கம்பெனியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைக் கைப்பேசியில் காட்டி அர்த்தம் கேட்க அவனுடைய தாயார் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் கட்டியிருந்த முந்தானையை விலக்காமலே அவர் சொன்ன வார்த்தைகள் இன்னும் நம் காதில் இருக்கின்றன.

"கர தெரியுதாம் சார். எறங்கத்தான் வுட மாட்டேன்றாங்களாம்."

கடிதத்தை இரண்டு தடவை படித்தோம். அதில் வருத்தம் இருந்தது, வணக்கம் இருந்தது. தேதி மட்டும் இல்லை.

நம் நாட்டு மாலுமிகள் எப்படிக் கரையேற வேண்டும் என்ற நடைமுறையை மத்திய சர்க்கார் ஏப்ரல் 21-ஆம் தேதிதான் வெளியிட்டது. இரண்டு நாள் கழித்து மும்பையில் 'மரெல்லா டிஸ்கவரி' என்ற உல்லாசக் கப்பலிலிருந்து நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட இந்திய ஊழியர் இறக்கப்பட்டனர். மே மாதம் நமது கடற்படையே களத்தில் இறங்கிற்று. 'ஜலாஷ்வா' முதலிய போர்க்கப்பல்கள் மாலத்தீவு, கொழும்பு, ஈரான் ஆகிய இடங்களிலிருந்து கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் பிற துறைமுகங்களுக்குமாக 3,992 பேரை அழைத்து வந்தன. தேசம் தன் பிள்ளைகளை மறக்கவில்லை என்பதில் நமக்கும் பெருமைதான். எனினும் அந்த ஆண்டு உலகெங்கும் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் தவித்த மாலுமிகள் ஒரு சமயத்தில் நான்கு லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது.

நம் பிள்ளை ஆவணியில் வந்து சேர்ந்தான். தங்கையின் கழுத்தில் தாலி ஏறியதை அவன் கைப்பேசியில்தான் பார்த்தான்.

கதவு கதவாகத் தட்டிய கப்பல்

உலகம் அதிகமாய்ப் பேசியது பிரயாணிகளின் கஷ்டத்தைப் பற்றி. அதுவும் சிறிய கஷ்டமன்று. ஓய்வூதியப் பணத்தில் சேர்த்து வைத்து, வாழ்நாளில் ஒரு முறை கடலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய முதியோர் அவர்களில் அநேகர்.

ஜப்பானில் யோகோஹாமாத் துறைமுகத்துக்கு 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி 'டயமண்ட் பிரின்சஸ்' திரும்பி வந்தது. 3,711 பேர் அதில் இருந்தனர். வீட்டுக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தவர்களிடம், அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு சொல்லப்பட்டது. முடிவில் 712 பேருக்கு நோய் கண்டது. அதில் இருந்த இந்தியர் 138 பேர். அவர்களில் ஆறு பேர்தாம் பிரயாணிகள், 132 பேர் ஊழியர். அடைபட்ட பிரயாணிகளுக்கு அறை அறையாகச் சென்று உணவு கொடுத்தவர்கள் ஊழியர்களே. ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாது என்ற விதி, நெருங்கி வேலை செய்தே ஆகவேண்டியவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை.

அதே சமயம் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட 'வெஸ்டர்டாம்' என்ற கப்பலின் கதை, வாசல் வாசலாகப் போய் நின்றவன் கதை. ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து என ஐந்து இடங்களிலும் கதவு சாத்தப்பட்டது. பிப்ரவரி 13-ஆம் தேதி கம்போடியா தன் சிஹானூக்வில் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. செல்வந்த நாடுகள் தயங்கியபோது ஏழை நாடு ஒன்று இடம் கொடுத்தது கவனிக்கத் தக்கது.

சர்க்காரின் நியாயம்

ஆனால் சர்க்கார் தடை விதிப்பதே கொடுமை என்று நாம் சொல்ல வரவில்லை. கதவைத் திறந்ததால் வந்த கேட்டையும் அதே ஆண்டில் கண்டோம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் 2020 மார்ச் 19-ஆம் தேதி 'ரூபி பிரின்சஸ்' கப்பலிலிருந்து இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பிரயாணிகள், பரிசோதனை முடிவு வருமுன்பே இறக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோய் கண்டது. அக்கப்பலோடு தொடர்புடைய சாவு இருபத்தெட்டு. பின்னர் நடந்த விசாரணை, அதிகாரிகள் செய்தது பெருந்தவறு என்று முடிவு கூறிற்று.

ஆகவே ஊரைக் காப்பது சர்க்காரின் கடமை. அதற்காக வாசலை மூடும் உரிமையும் அதற்கு உண்டு. வாசற்படியில் நிற்பவன் எங்கே போவான் என்பதுதான் மீதமுள்ள கேள்வி. நிலத்தில் நிற்பவனானால் திரும்பி நடப்பான். தண்ணீரில் நிற்பவன் திரும்புவதற்கும் யாராவது ஒருவருடைய அனுமதி வேண்டும்.

இக்கேள்விக்கு விடை முன்னோருக்குத் தெரிந்திருந்தது. இன்று துப்ரோவ்னிக் என்று வழங்கும் ரகூசா நகரம் 1377-இல் ஒரு சட்டம் செய்தது. கொள்ளைநோய் பரவிய ஊரிலிருந்து வருவோர் முப்பது நாள் காத்திருந்த பிறகே நகரத்தில் நுழையலாம். ஆனால் காத்திருக்கவேண்டிய இடங்களையும் அந்தச் சட்டமே பெயர் சொல்லிக் குறித்தது: ஒன்று பக்கத்துத் தீவு, மற்றொன்று பக்கத்துச் சிற்றூர். பிறகு முப்பது நாள் நாற்பதாயிற்று. வெனிஸ் நகரத்தார் பேச்சில் 'நாற்பது' என்பதற்குரிய சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' என்ற பெயர் பிறந்தது.

நமக்கும் இது புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஜனங்களை, தனுஷ்கோடியில் கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதிப்பார்கள். அந்த முகாமில் நம்மவர் பட்ட அவமானங்கள் வேறு விஷயம். ஆயினும் காத்திருப்பதற்கு ஓர் இடம் என்று அது தரையின்மேல் இருந்தது.

இன்றைய சட்டமும் இதையே கூறுகிறது. 2005-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட சர்வதேச சுகாதார விதிகளின்படி, சுகாதாரக் காரணம் காட்டி ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வருவதைப் பொதுவாகத் தடுக்கலாகாது. அத்துறையில் போதிய வசதி இல்லையென்றால், வசதியுள்ள அடுத்த துறைக்குப் போகச் சொல்லலாம். வேறு வகையாகச் சொன்னால், 'இங்கே வராதே' என்பவன் 'அங்கே போ' என்றும் சொல்லக் கடமைப்பட்டவன். 2020-இல் விதி புத்தகத்தில் இருந்தது. கப்பல்கள் கடலில் இருந்தன.

புதுவைக் கரையில்

தடை என்பது நோயால் மட்டும் வருவதன்று. நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2022 ஜூன் 4-ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கோர்டீலியா' கம்பெனியின் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். விசாகப்பட்டினம், புதுச்சேரி இரண்டையும் சுற்றிவிட்டுச் சென்னை திரும்புவது அதன் யாத்திரைகளில் ஒன்று. கப்பலில் சூதாட்டம் முதலியவை இருப்பதாகவும், அவை நமது பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்றும் புதுவையில் கிளர்ச்சி எழுந்தது. ஜூன் 10-ஆம் தேதி கப்பல் வந்து நின்றது; பிரயாணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கரையை எட்ட நின்று பார்த்துவிட்டு அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று.

சூதாட்டத்தை நாமும் விரும்புகிறவர்கள் அல்லோம். அதைத் தன் எல்லைக்குள் அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்த சர்க்காரின் பொறுப்பு. ஆனால் அந்தக் கப்பலில் சீட்டையே தொடாத குடும்பங்களும் இருந்திருக்கும். ஊர் பார்க்க வந்த குழந்தைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் அன்று கோயம்பேட்டில் பஸ் ஏறியிருந்தால் நாலு மணி நேரத்தில் புதுவைக் கடற்கரையில் காற்று வாங்கியிருக்கலாம். ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். புதுவைக்குள் நுழையும் ஒரே ஊர்க்காரர்கள், வந்த வழியினால் வேறாகிவிட்டார்கள். அனுமதி உண்டா இல்லையா என்பது சென்னையில் கயிறு அவிழ்க்குமுன் தீர்ந்திருக்கவேண்டிய விஷயம். 2025 ஜூலையில் அதே கம்பெனியின் கப்பல் புதுவைக்கு வந்தது. பிரயாணிகள் இறங்கி ஊரைப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கடல் மாறவில்லை. முன்கூட்டிப் பேசி முடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கூண்டு ஏற்றும் முறை

எம்பிரஸ் கப்பல் புறப்பட்ட அதே ஜூன் மாதத் தொடக்கத்தில், காசிமேட்டின் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடந்தன. அவர்களுக்கும் தடைதான். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. குடும்பங்களுக்கு அது கடினமான காலம். கிடைக்கும் நிவாரணத் தொகை போதவில்லை என்ற குறையும் நெடுநாளாக உண்டு. ஆயினும் தடைக்குக் காரணம் தெரியும். ஆரம்பமும் முடிவும் தெரியும். அந்த நாட்களில் வலை பழுது பார்ப்பார்கள், இயந்திரம் கழற்றிப் பூட்டுவார்கள், வட்டிக்கடனைக் கணக்குப் போட்டு வைப்பார்கள்.

புயற்காலத்திலும் இப்படியே. எண்ணூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், எத்தனாம் எண் கூண்டு, அதற்கு என்ன பொருள் என்று குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். இதுபற்றி வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"கூண்டு ஏத்துனா நாங்க போவ மாட்டோம் சார். ஏன்னு தெரியும், எப்ப எறக்குவாங்கன்னும் தெரியும். அதுல கோவம் இல்ல. ஒண்ணுமே சொல்லாம நடுவுல கயித்தப் புடிச்சிக்கினாத்தான் கஷ்டம்."

பெரியவர் நாலு வாக்கியத்தில் சொன்னதை, சர்க்காரின் பெரிய பெரிய உத்தரவுகள் சொல்வதில்லை. தடை விதிப்பவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஏன், எதுவரை, அதுவரை எங்கே. முதலிரண்டை முன்கூட்டி அறிய முடியாத ஆபத்துக் காலங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். மூன்றாவதைச் சொல்ல முடியாத காலம் எதுவும் இல்லை. பிரயாணிக்குச் சொல்லும்போதே ஊழியனுக்கும் சொல்லவேண்டும். பிரயாணி இழப்பது ஒரு விடுமுறையை. ஊழியன் வீட்டில் ஒரு கல்யாணமே அவனில்லாமல் நடந்துவிடுகிறது.

கப்பல் யாத்திரைக்கு ஆசைப்படும் நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டிக்கெட்டின் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். குறிப்பிட்ட துறையில் நிறுத்தாமல் போகும் உரிமையைக் கம்பெனிகள் பெரும்பாலும் அங்கேதான் தம்மிடம் வைத்துக்கொண்டிருக்கும். சர்க்கார் உத்தரவால் பயணம் தடைப்பட்டால் இன்ஷூரன்ஸ் பணம் வருமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பத்து நாளைக்குத் தேவையான மருந்தென்றால், முப்பது நாளைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நம் பழைய மாணவன் மறுபடியும் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். போகுமுன் வந்து நமஸ்காரம் செய்தவனிடம், புது ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தோம். "சம்பளம் அதேதான் சார். எந்த ஊர்ல எறக்கி வுடுவாங்கன்னு எழுதியிருக்கான்னு மொதல்ல பாத்தேன்" என்றான்.

அவனுடைய தாயார் இப்போதும் முகத்துவாரத்தில் இறால் கூறு கட்டி விற்கிறார். இருட்டினால், கடலில் நிற்கும் விளக்குகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார். அவற்றில் ஒன்றும் மகனுடைய கப்பல் அல்ல என்பது அவருக்குத் தெரியும்.