பட்டாசுப் பட்டியலும் புரோட்டா கடைத் தட்டும்!

தீபாவளி நெருங்கினால் போதும், சிவகாசி விலைப்பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். முன்பு அச்சடித்த தாள், இப்போது பி.டி.எஃப்., அல்லது ஆப். லட்சுமி வெடி, குருவி வெடி, கம்பி மத்தாப்பு, சாட்டை, பாம்பு மாத்திரை என்று விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

கம்பி மத்தாப்புக்கு எதிரே '5' என்று போட்டுவிட்டுக் கீழே போகிறீர்கள். தொடவே தொடாத ஏதோ ஒரு வெடிக்கு எதிரேயும் '5' நிற்கிறது! பேய் வேலை இல்லை. ஆப் எழுதியவர் தட்டைக் கழுவ மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

விருதுநகர் எண்ணெய் புரோட்டா கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் 300 பேர் சாப்பிட வந்தாலும் 300 தட்டு வாங்கமாட்டார் முதலாளி. உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போக நாலைந்து கூடுதலாக இருந்தால் போதும். ஒருவர் எழுந்ததும் அவர் தட்டு கழுவப்பட்டு அடுத்தவருக்கு வரும். (வெறும் இலையில் பரிமாறும் கடைக்காரர்கள் மன்னிக்கவும்!)

போனிலும் இதே கதைதான். பட்டியலில் 300 பட்டாசு இருந்தாலும், திரையில் தெரியும் பத்துப் பன்னிரண்டு வரிசைகளைத்தான் போன் உருவாக்குகிறது. மேலே மறையும் வரிசை, கீழே வேறு பட்டாசாக வேடம் மாறி வருகிறது. 2008-ல் ஆப் ஸ்டோர் வந்த காலத்திலிருந்தே ஐபோனின் 'டேபிள் வியூ' இப்படித்தான். ஆண்ட்ராய்டில் 2014-ல் வந்த கருவிக்குப் பெயரே 'ரீசைக்கிளர் வியூ'.

இந்தக் கடையின் கல்லாவில் இருப்பவர் 'வியூ கன்ட்ரோலர்'. பட்டியல் அவரிடம் கேட்பது முக்கியமாக இரண்டே கேள்வி: மொத்தம் எத்தனை வரிசை? இந்த வரிசையில் என்ன? ஐபோனோடு வரும் ரெடிமேட் வரிசைகள் நான்கு வகை. படம், பெயர், அடித்துக் காட்டிய விலை, தள்ளுபடி விலை, கூட்டல் கழித்தல் பட்டன் எல்லாம் அவற்றில் அடங்காது. அதனால்தான் 'கஸ்டம்' வரிசையை வடிவமைக்கிறார்கள். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. வரிசையில் எத்தனை சாமான் கூடுகிறதோ, கழுவ வேண்டிய கிண்ணமும் அத்தனை.

எண்ணிக்கையை வரிசையில் எழுதி வைக்கக் கூடாது. பட்டாசின் கணக்கில் எழுத வேண்டும். யாருக்கு எத்தனை புரோட்டா என்பது சப்ளையருக்குத்தான் தெரியும், தட்டுக்குத் தெரியாதே!

படம் இன்னும் மோசம். சிக்னல் மந்தமாக இருந்தால், முன்பு உட்கார்ந்தவர் கேட்ட சால்னா தாமதமாக வந்து, புதிதாக உட்கார்ந்தவர் தட்டில் விழும். புஸ்வாணத்தின் படத்தைப் பார்த்துக் குழந்தைக்கென்று குறித்து வைத்தது, பெரிய வெடியாக இருந்தால்?

பட்டியல் நடுவே ஒரு பொருளை எடுக்கவும் நேரும். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. சரவெடி 40-வது வரிசையில் இருந்து நீக்கப்பட்டால், 41-ல் இருந்தது 40-க்கு ஏறிவிடும். வரிசை எண்ணை நம்பிக் கணக்கு வைத்த ஆப்பில் எல்லாமே ஒரு படி தப்பும். பட்டாசுக்கென்று தனிக் குறியீடு வைத்தவர் தப்பித்தார்.

அதே தீர்ப்பு, ஆன்லைனில் பட்டாசு ஆர்டர் எடுக்கவும் கூடாது என்றது. ஆகவே விலை பார்க்கவும் பட்ஜெட் போடவும்தான் ஆப். வாங்குவது உரிமம் உள்ள கடையில். அங்கே கிளம்பும் முன், ஏதாவது ஒன்றுக்கு எண்ணிக்கை போட்டுவிட்டு, பட்டியலின் அடிவரை போய், மறுபடி மேலே வந்து பாருங்கள். போட்ட எண் போட்ட இடத்திலேயே, அங்கு மட்டுமே இருந்தால், அந்தக் கடையில் தட்டு சுத்தம்.