பிரிந்த பின் வந்த புகழ்

கலைஞர் சிலரைப் புகழ் அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே தேடி வருகிறது. சிலரை அவர்கள் மறைந்த பின்னரே நாடுகிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த யூஜின் கெலி, பிரான்செஸ் மக்கீ என்னும் இருவரின் கதை இவ்விரண்டிலும் சேராதது. இருவரும் நலமே இருந்தனர். அவர்கள் அமைத்த குழுதான் மறைந்திருந்தது.

1986ஆம் ஆண்டளவில் இவர்கள் 'வஸலீன்ஸ்' என்ற பெயரிற் பாடத் தொடங்கினர். பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளை நம்பியிராது, சிறு முதலுடன் இளைஞர் தாமே இசைத்தட்டு வெளியிடும் வழக்கம் அக்காலத்தில் பிரித்தானிய நகரங்களிற் பரவியிருந்தது. 'இண்டி' எனப்படும் சுயாதீன இசை அதுவே. அத்தகைய சிறு நிறுவனமொன்று 1987இலும் 1988இலும் இவர்களுடைய இரு சிறு இசைத்தட்டுக்களை வெளியிட்டது.

தொடக்கத்தில் இவர்களுக்கு மத்தளம் அடிப்பவர்கூட இல்லை. தாளத்தை ஓர் இயந்திரம் தந்தது. 'மொலீஸ் லிப்ஸ்' என்ற பாடலில் இடையிடையே சைக்கிள் ஹோர்ன் ஒலிக்கும்! எளிய மெட்டு, குறும்பு ததும்பும் சொற்கள், ஆண் குரலோடு இழையும் பெண் குரல்: இவையே அவர்களது முதலீடு.

இருவரும் காதலராகவும் இருந்தனர். 1989இல் 'டம்-டம்' என்னும் முதற் பெருந்தட்டு வெளிவந்த வேளையிற் காதலும் முறிந்தது, குழுவும் கலைந்தது. கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால், அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் இளைஞர் ஒருவர் அவ்விசைத்தட்டுக்களைப் போற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரே 'நிர்வாணா' குழுவின் பாடகர் கேர்ட் கோபேன். 1990இல் அக்குழு எடின்பரோவுக்கு வந்தபோது, அதற்கு முன்னதாகப் பாடுவதற்கென வஸலீன்ஸ் மீண்டும் ஒன்று கூடியது. மறு ஆண்டு வெளிவந்த 'நெவர்மைண்ட்' இசைத்தட்டினால் நிர்வாணாவின் பெயர் உலகெங்கும் பரவியது. 1992இல் அக்குழு வெளியிட்ட தொகுப்பொன்றில் வஸலீன்ஸ் பாடல்கள் இரண்டு இடம்பெற்றன. அதே ஆண்டிற் பிறந்த தம் மகளுக்குக் கோபேன் பிரான்செஸ் என்றே பெயரிட்டார்.

1993 நவம்பரில் நியூ யோர்க்கில், தொலைக்காட்சிக்கென நடந்த நிகழ்ச்சியில், சிறுவர் பாடும் கிறிஸ்தவ கீதமொன்றைக் கேலியாகத் திருப்பி வஸலீன்ஸ் இயற்றிய பாடலைக் கோபேன் பாடினார். அக்கோடியன் பின்னணியில் அது உருக்கமாக ஒலித்தது. பாடுமுன் வஸலீன்ஸ் பெயரைச் சபையறியச் சொல்லியே அவர் பாடினார். 1994 ஏப்ரலிற் கோபேன் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அந்நிகழ்ச்சி இசைத்தட்டாக வெளிவந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

பாடியவர் எவராயினும், இசைத்தட்டு விற்கும்போதெல்லாம் இயற்றியவருக்கும் உரிமைப் பணம் சேரும். ஆயினும், தாம் எடுத்தாண்டது எவருடைய செல்வமென்பதை ஊரறியச் சொன்ன ஒருவரின் நேர்மையே இவ்விருவரையும் மறதியிலிருந்து மீட்டது. பணம் அதன் பின் வந்ததே.

இடைக்காலத்தில் யூஜின் 'யூஜீனியஸ்' என்ற வேறொரு குழுவை நடத்தினார். பிரான்செஸ் 'சக்கிள்' என்ற குழுவிற் பாடினார், யோகாசனமும் கற்பித்தார். 2008இல் இருவரும் மீண்டும் வஸலீன்ஸாக மேடையேறினர். காதல் திரும்பவில்லை, பாட்டுத் திரும்பிற்று. முதற் பெருந்தட்டு வெளிவந்து 21 ஆண்டுகள் கழித்து, 2010இல் இரண்டாவது வெளிவந்தது, 2014இல் மூன்றாவது.

செய்த காரியத்தை எவரும் கவனிக்கவில்லையே என்று சோர்வுறும் மாணவர் இக்கதையை நினைவிற் கொள்ளலாம். செவ்வையாகச் செய்ததொன்று, முகமறியாத ஒருவரின் செவியிற் சென்று சேர்ந்திருக்கக் கூடும். பிறரிடம் பெற்றதைத் தமதென்று சொல்ல வாய்ப்புள்ளோரோ, அன்று மேடையிற் கோபேன் செய்ததை நினைவிற் கொள்வது நன்று.