பனிமலையும் பச்சைமலையும்

பாரத தேசத்தின் மலைகளும் நதிகளும் எவையென்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் இமயமென்றும் விந்தியமென்றும் கங்கையென்றும் கோதாவரியென்றும் தடையின்றி ஒப்பிப்பான். ஆனால், அவை நமது அன்றாட அன்னத்தோடு எவ்விதம் சம்பந்தப்பட்டவை என்பதைப் பெரியவர்களும் ஆலோசிப்பதாகக் காணோம்.

இமயத்தில் உறைந்து கிடக்கும் பனி கோடையில் உருகுகிறது. ஆதலால் சிந்துவும் கங்கையும் பிரம்மபுத்திராவும் மழையற்ற மாதங்களிலும் வற்றுவதில்லை. தென்னாட்டின் நிலைமை வேறு. தக்காணப் பீடபூமி மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்திருக்கிறது. அரபிக் கடலுக்குச் சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், திரியம்பகத்தில் பிறக்கும் கோதாவரி, அக்கடலை நாடாமல் 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலை அடைவது இச்சரிவினாலேயே. கிருஷ்ணையும் காவேரியும் அவ்வாறே கிழக்கு நோக்கி ஓடுகின்றன. இவற்றிற்குப் பனியின் உதவி இல்லை; எனினும், மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்துப் பெருமழையை வாங்கித் தருகிறது.

அந்தப் பாக்கியமும் குறைந்தவை கிழக்குத் தொடர்ச்சி மலைகள். அவை ஒரே மதிலாக நில்லாமல், ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, பச்சைமலை எனத் தனித்தனியே நிற்கின்றன. மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அரும்பாவூர், பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அம்மலையிலிருந்து இறங்கும் கல்லாறு வெள்ளாற்றுப் படுகையைச் சேர்ந்தது. மழை பெய்தால் வெள்ளம். ஓய்ந்தால் வெறும் மணல். வெள்ளாறோ பரங்கிப்பேட்டையருகே கடலில் கலந்துவிடுகிறது.

அங்ஙனமாயின், வடநாட்டிற்கு இமயம் செய்யும் உபகாரத்தை இங்கே செய்வது எது? ஏரியே என்போம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரைகட்டித் தேக்கி, மழையில்லாத மாதங்களில் மதகு வழியே பயிருக்கு விடுவதற்கு நம் முன்னோர் கண்ட உபாயம் அது. கங்கை வரை படை செலுத்திய முதலாம் இராஜேந்திரன், தன் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். அதனை நீரினாலாகிய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுகின்றன. கங்கைகொண்ட அரசனுக்கும் ஏரியின் அருமை தெரிந்திருந்தது.

பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே, விசுவக்குடியில் கல்லாற்றின் குறுக்கே அணையொன்று எழுந்திருப்பது நன்றே. ஆயினும், ஓர் அணை பல ஏரிகளின் வேலையைச் செய்துவிடாது. வரத்து வாய்க்கால் அடைபட்டு, கரை சரிந்து, சீமைக்கருவேல் மண்டிய ஏரி, பனியிழந்த இமயத்திற்கு ஒப்பாகும். ஆக்கிரமிப்பை அகற்றுதற்குச் சட்டமில்லை என்பதற்குமில்லை. ஏரிகளைப் பாதுகாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2007-லேயே இயற்றப்பட்டுள்ளது. சட்டத்தை நடத்துவிக்கும் உறுதிதான் வேண்டும்.

தேசத்தை நேசிப்போர் முதலில் தத்தம் ஊர் ஏரிக்கு நீர் வரும் வழியை நடந்து பார்ப்பார்களாக. அடைப்பு எங்கே, அடைத்தவர் யார் என்று உள்ளூர் மன்றங்களில் அஞ்சாது கேட்பார்களாக. மழைக்காலம் வந்தபின் கேட்பதால் பயனில்லை.