தாத்தாவோட அம்பாசடருக்கு 50,000 ரூபாய் இக்னிஷன்: லோன் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

சின்னமனூர்க்காரத் தம்பி ஒருத்தர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கோயம்புத்தூர்ல வேலை, பிடித்தம் போக கையில வர்றது 38,000 ரூபாய். தாத்தா வாங்கின 1978 மாடல் அம்பாசடர் மார்க் 3 ஊர்ல வீட்டு வாசல்ல நிக்குது. பெட்ரோல் வண்டி. தாத்தா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. தங்கச்சி கல்யாணத்துல பொண்ணு அந்த வண்டியிலதான் மண்டபத்துல இறங்கணும்னு தம்பிக்கு ஆசை.

எதுக்கும் ஒருதடவை ஓட்டிப் பார்ப்போம்னு போடிமெட்டு ஏறியிருக்கார். 17 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறுறதுக்குள்ள இன்ஜின்ல "டிங் டிங்"னு சத்தம், இழுவை சுத்தமா இல்ல. இறங்கி வந்து வீடியோவாப் பார்த்துத் தள்ளிட்டு, "பழைய டிஸ்ட்ரிப்யூட்டரைத் தூக்கிட்டு புரோகிராமபிள் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடப் போறேன்ணா. எல்லாம் சேர்த்து 50,000 ஆகும்போல. பர்சனல் லோன் அப்ரூவ் ஆகிருச்சு. மைலேஜ் கூடுமாமே, அதுலயே காசு திரும்ப வந்துரும்ல?"னு கேட்டிருக்கார்.

வராது தம்பி. ஏன்னு விளக்கமாப் பார்ப்போம். இதே மாதிரி வீட்டுல பழைய வண்டி வெச்சிருக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

முதல்ல பானட்டைத் திறந்து உங்க இன்ஜின் எதுன்னு பாருங்க. டீசல் அம்பாசடரா இருந்தா இந்தப் பேச்சே தேவையில்ல. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க்கே கிடையாது, டிஸ்ட்ரிப்யூட்டரும் கிடையாது. பெட்ரோல் மார்க் 3-ல இருக்கறது 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின். இங்கிலாந்துல எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்ட இன்ஜினும் இதே குடும்பம்தான். அதனாலதான் நம்ம அம்பாசடருக்கு இன்னைக்கும் வெளிநாட்டுல சாமான் தேட முடியுது.

டிஸ்ட்ரிப்யூட்டருக்கு ரெண்டு வேலை. நாலு பிளக்குக்கும் முறைப்படி கரண்ட்டைப் பிரிச்சுக் கொடுக்கணும். எந்த நொடியில ஸ்பார்க் விழணும்னும் அதுதான் முடிவு பண்ணணும். இன்ஜின் 3,000 ஆர்பிஎம்ல ஓடுனா செகண்டுக்கு 100 ஸ்பார்க். பழைய வண்டியில இதைச் செய்யறது 'பாயிண்ட்'னு நம்ம மெக்கானிக்குகள் சொல்ற ரெண்டு சின்ன உலோகத் துண்டு. அது திறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் காயில்ல இருந்து ஒரு ஸ்பார்க் கிளம்பும். லூகாஸ் 25டி மாதிரி டிஸ்ட்ரிப்யூட்டர்ல அந்த இடைவெளி வெறும் 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் தேய்ஞ்சா அந்த அளவு மாறும். அளவு மாறுனா டைமிங்கும் நகர்ந்துரும்.

டைமிங்னா என்னன்னு சொல்றேன். ஊஞ்சல் ஆட்டி விட்டிருப்பீங்கள்ல? ஊஞ்சல் பின்னாடி வந்து நின்னு திரும்புற நொடியில தள்ளுனா சுகமாப் போகும். வந்துட்டு இருக்கும்போதே தள்ளுனா கைதான் வலிக்கும், லேட்டாத் தள்ளுனா வேகம் இருக்காது. பெட்ரோல் எரிஞ்சு முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஸ்பார்க் விழணும். இன்ஜின் வேகம் கூடக்கூட இன்னும் முன்னாடியே விழணும். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ள இருக்கற ரெண்டு சின்ன எடைக்கல்லும் ஸ்பிரிங்கும் இதைப் பார்த்துக்குது. மிதமா மிதிச்சு ஓட்டும்போது இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ள, வேக்கம் அட்வான்ஸ்னு ஒரு வட்ட டப்பாவும் கூடவே இருக்கும்.

இப்ப போடிமெட்டுக்கு வருவோம். செகண்ட் கியர், ஆக்சிலேட்டர் முழுசா மிதி. அந்த நேரத்துல இன்ஜினுக்குள்ள வேக்கம் குறைஞ்சிரும், டப்பா வேலை செய்யாது. அப்படித்தான் இருக்கணும், தப்பில்ல. ஆனா 45 வருஷத்துக்கு மேல ஆன ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தா, எடைக்கல் சீக்கிரமே விரிஞ்சு ஸ்பார்க்கை ரொம்ப முன்னாடி தள்ளிரும். ஊஞ்சல் வரும்போதே தள்ளுற கதைதான். அந்த "டிங் டிங்" சத்தம் நாக்கிங். தம்பி கேட்டது இதுவாத்தான் இருக்கும்னு எனக்குப் படுது. இதைக் கண்டுக்காம தொடர்ந்து மலை ஏத்துனா ஹெட் கேஸ்கெட், பிஸ்டன்னு செலவு போகும். அதனால அந்தச் சத்தத்தை அலட்சியம் பண்ணவே கூடாது.

புரோகிராமபிள் இக்னிஷன் இந்த இடத்துலதான் கெட்டிக்காரத்தனம் காட்டும். நெதர்லாந்துல இருந்து வர்ற '123 இக்னிஷன்' இதுல பேர் போனது. பார்க்கப் பழைய டிஸ்ட்ரிப்யூட்டர் மாதிரியே இருக்கும். உள்ள பாயிண்ட், எடைக்கல், ஸ்பிரிங் எதுவும் கிடையாது. எந்த ஆர்பிஎம்ல எத்தனை டிகிரி, எவ்வளவு லோடுல எத்தனை டிகிரின்னு போன்ல ப்ளூடூத் ஆப் மூலமா நீங்களே கோடு வரையலாம். மலை ஏறும்போது ரெண்டு டிகிரி குறைக்கணுமா, வண்டியை ஓரங்கட்டி போன்லயே மாத்திக்கலாம். அருமையான சாமான், மறுக்கவே இல்ல.

ஆனா காசு?

தம்பி ஊருக்கு வர்றப்ப மட்டும் ஓட்டுற வண்டி. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்னு தாராளமாவே வெச்சுக்குவோம். மைலேஜ் 11, பெட்ரோல் 102 ரூபாய்னு கணக்குக்கு எடுத்துக்கிட்டா, வருஷ பெட்ரோல் செலவு சுமார் 27,800. புது இக்னிஷனால மைலேஜ் 10 சதவீதம் கூடி 12.1 ஆகுதுன்னு நம்புவோம். அப்பவும் மிச்சமாகிறது வருஷத்துக்கு 2,500 ரூபாய்தான். பாயிண்ட், கண்டென்சர் மாத்துற செலவு, கூலி எல்லாம் மிச்சம்னு இன்னொரு 1,000 சேர்த்துக்கோங்க. 3,500. போட்ட 50,000 திரும்ப வர 14 வருஷம்!

இதுல லோன் வேற. 14 சதவீத வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ 2,400 ரூபாய். மொத்தம் கட்டறது சுமார் 57,600. வட்டி மட்டுமே 7,600, அதாவது ரெண்டு வருஷத்துல மிச்சம் பிடிக்கிற பணத்தை விட அதிகம். வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைச்சா, வெப்சைட்ல பார்த்த விலையோட முடியாது. கூரியர், இறக்குமதி வரி, கிரெடிட் கார்டு போட்டா ஃபாரக்ஸ் மார்க்-அப், அதுக்கு ஜிஎஸ்டி. 50,000-ங்கிறது எங்க போய் நிக்கும்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே எழுதிப் பாருங்க.

அதுவும் போக, நாக்கிங் வந்தா முதல் குற்றவாளி தப்பா வெச்ச டைமிங். புது பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், கேப், பிளக் போட்டு, டைமிங் லைட் வெச்சு செட் பண்ணச் சொல்லுங்க. காதுல கேட்டு வெக்கிறது வேண்டாம், லைட் வெச்சே ஆகணும். லைட் அடிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டரை மெதுவா ஏத்துனா, அட்வான்ஸ் படிப்படியா ஏறுதா, ஒரே குதியா எகிறுதான்னு கண்ணுல தெரியும். எகிறுனா ஸ்பிரிங் போச்சு. அந்த ஸ்பிரிங்கை மாத்தலாம், இல்லைன்னா நல்ல நிலையில இருக்கற டிஸ்ட்ரிப்யூட்டர் தேடலாம். தேனியிலயும் மதுரையிலயும் பாயிண்ட் வண்டியிலயே தொழில் பழகுன பெரியவங்க இன்னும் இருக்காங்க. அவங்க கை ஓயறதுக்குள்ள போயிருங்க. இந்த மொத்த வேலையும் பெரும்பாலும் 50,000-ல பத்துல ஒரு பங்குக்குள்ள அடங்கிரும்.

நடுவுல ஒரு வழியும் இருக்கு. டிஸ்ட்ரிப்யூட்டர் அதேதான், பாயிண்ட்டை மட்டும் எடுத்துட்டு ஒரு காந்த சென்சார் வெக்கிறது. பாயிண்ட் தேய்மானத் தொல்லை போயிரும். ஆனா தளர்ந்த ஸ்பிரிங்கை அது சரி பண்ணாது, கேட்டுக்கோங்க. எந்த எலக்ட்ரானிக் சாமானும் வாங்கறதுக்கு முன்னாடி பேட்டரியில எந்த முனை பாடியோட சேர்ந்திருக்குன்னு பாருங்க. பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகள் சிலது பாசிட்டிவ் எர்த். மாத்திக் கொடுத்தா ஒரே நொடியில சாமான் காலி. டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டோட அளவையும் சுத்துற திசையையும் உங்க வண்டியிலயே சரிபார்த்து எழுதிக்கோங்க. எம்ஜிக்குப் பொருந்துது, அதனால நமக்கும் பொருந்தும்னு நம்பி ஆர்டர் போடாதீங்க.

இன்னொரு விஷயம், எங்க பெரியப்பா வண்டியில நான் நேர்ல பார்த்தது. குமுளி ஏறும்போது ராத்திரி 9 மணிக்கு பாயிண்ட் கருகி நின்னுருச்சு. தீப்பெட்டி ஓரத்துல தேய்ச்சு சுத்தம் பண்ணி வீடு வந்து சேர்ந்தோம். புரோகிராமபிள் சாமான் அதே இடத்துல நின்னா, டோயிங் வண்டிதான் கூப்பிடணும். போடுறவங்க பழைய டிஸ்ட்ரிப்யூட்டரை டிக்கியில துணி சுத்தி வெச்சுக்கோங்க. காயலான் கடைக்குப் போட்டுறாதீங்க.

சரி, தம்பி கேக்காத கேள்விக்கு வர்றேன். எனக்குப் பயமே இதுலதான். வண்டி ஆர்சி யார் பேர்ல இருக்கு? இன்னும் தாத்தா பேர்லதான்!

உரிமையாளர் தவறினா 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், 3 மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்த ஃபார்ம் 31 கொடுக்கணும். ரெண்டு வருஷம் ஓடிருச்சு. நாளைக்கே மலையில ஒரு விபத்துன்னா இன்ஷூரன்ஸ் கிளைம்ல என்னென்ன சிக்கல் வரும்னு யோசிங்க. மத்தவங்களுக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு உங்க குடும்பத்துச் சொத்து மேல வந்து விழலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதம் எல்லாம் எடுத்துக்கிட்டு, எந்த ஆர்டிஓ ஆபீஸோ அங்க போய்த் தாமதக் கட்டணத்தோட முதல்ல இதை முடிங்க. ஆர்சி காலாவதி ஆகிருக்கான்னும் பாருங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி, 20 வருஷம் தாண்டுன காருக்குப் புதுப்பிக்க 10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அது 5 வருஷத்துக்கு.

"இன்னும் கொஞ்ச நாள்ல 50 வயசு, விண்டேஜ் பதிவு வாங்கிக்கலாமே"ன்னு சிலர் கேப்பீங்க. 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்குன வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்குத்தான். கல்யாணத்துக்கும் கம்பத்துக்கும் ஓட்டணும்னா சாதாரண ஆர்சியே போதும்.

அதனால தம்பி, லோனை இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிருங்க. கையில இருக்கற காசு ஆர்சிக்கும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸுக்கும் போகட்டும். அடுத்தது பிரேக். மலை ஏறுற சத்தத்தைப் பத்தி இவ்வளவு கவலைப்பட்டீங்க, இறங்கும்போது நிறுத்தறது அந்தப் பழைய டிரம் பிரேக்தான். அப்புறம் பெட்ரோல் ஹோஸ். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், 1978 ரப்பர் அதுக்காகச் செஞ்சது கிடையாது. ஹோஸ் கசிஞ்சு சூடான இன்ஜின் மேல சொட்டுனா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. அதுக்கப்புறம் டைமிங்.

இத்தனையும் முடிஞ்ச பிறகும் அந்த ப்ளூடூத் சாமான் மேல ஆசை இருந்தா, வாங்குங்க. சினிமா, டூர் மாதிரி அதுவும் ஒரு ஆசைச் செலவு. மைலேஜ் கணக்கு சொல்லி உங்களையே ஏமாத்திக்காதீங்க. இஎம்ஐ கட்ட இருந்த அதே 2,400 ரூபாயை மாசாமாசம் ஆர்டியில போட்டா, 20 மாசத்துல 50,000-ஐ தாண்டிரும். கல்யாணத்துக்குள்ள வந்து சேராது, உண்மைதான். ஆனா டைமிங் சரியா வெச்ச பாயிண்ட் வண்டி மண்டபம் வரைக்கும் தாராளமாப் போகும். 1978-லயும் அப்படித்தான் போயிருக்கு.

டைமிங் வெச்சுட்டு டேங்க்கை ஃபுல் பண்ணி, மறுபடி போடிமெட்டு ஏறிப் பாருங்க தம்பி. சத்தம் எந்த வளைவுல வருது, இல்ல வரவே இல்லையான்னு குறிச்சு அனுப்புங்க. அடுத்த வீடியோவுல அதை வெச்சே பேசுவோம்.