உறைந்து நிற்கும் கணிப்பொறி

கணிப்பொறி அணைந்து போவதும் உறைந்து நிற்பதும் ஒன்றல்ல. அணைந்து போகும் பொறி பெரும்பாலும் மின்சாரத்தையோ மிகுந்த வெப்பத்தையோ சுட்டிக் காட்டுகிறது. பிழைச் செய்தியைக் காட்டி நிற்கும் பொறி தன் நோயைத் தானே ஓரளவு கூறிவிடுகிறது. உறைந்து நிற்கும் பொறியோ ஒன்றும் சொல்வதில்லை. திரையில் எழுத்துகள் அப்படியே நிற்கும், சுட்டி அசையாது, உள்ளே விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். நிகழ்ந்ததைக் குறித்து வைக்கும் வேலையும் நின்று போன அதே செயலியினுடையது. ஆகையால் குறிப்பு எதுவும் எஞ்சுவதில்லை. குற்றமற்ற தாய்ப்பலகைகள் வீணாக மாற்றப்படுவதற்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டிய பகுதிகளில் இந்நோய்க்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அம்மாநிலத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் கணிப்பொறியைப் பள்ளிப் பாடமாக்கியது. அது 2017இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் தோன்றின. பத்தாம் வகுப்புத் தேர்வில் கணிப்பொறிச் செய்முறைக்கும் இடம் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீருமேடு ஆகிய இடங்களின் தமிழ்வழி மாணவர்களும் இத்தேர்வை எழுதுகின்றனர். பயிற்சிக்காகப் பல வீடுகளில் இருப்பது, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி உள்ளூரில் பூட்டிய பொறியாகும். கொழிஞ்சாம்பாறைக்குக் கோயம்புத்தூரும், மறையூருக்கு உடுமலைப்பேட்டையும், குமுளிக்குக் கம்பமும் தேனியும் அண்மைச் சந்தைகள். பெரிய நிறுவனத்தின் பொறியாயின் முழுப் பொறுப்பும் ஒருவருடையது. பூட்டிய பொறியிலோ செயலி ஒருவர் செய்தது, நினைவக அட்டை மற்றொருவர் செய்தது, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி யார் செய்தது என்றே தெரியாதது. குற்றவாளியை உரியவரே கண்டுபிடித்தாக வேண்டும்.

இதற்கு வேண்டிய முதற் கருவி ஒரு குறிப்பேடு. திருப்புளிக்கு முறை அதன் பின்னரே வரும். பொறி உறையும் ஒவ்வொரு தடவையும் நேரம், அறையின் உஷ்ணநிலை, இயக்கத் தொடங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்போது நடந்த வேலை, மின்சாரம் கம்பியிலிருந்து வந்ததா இன்வெர்ட்டரிலிருந்து வந்ததா என்னும் ஐந்தையும் எழுதுதல் வேண்டும். பத்து நிகழ்ச்சிகள் சேருமுன்னரே பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும். நண்பகலில் மட்டும் உறையும் பொறியும் அதிகாலையில் மட்டும் உறையும் பொறியும் ஒரே நோயுடையன அல்ல. அதுபோன்றே, ஒரு சமயத்தில் ஓர் உறுப்பை மட்டுமே மாற்றுதல் வேண்டும். நினைவக அட்டை, மின்வழங்கி இரண்டையும் ஒரே நாளில் மாற்றியவருக்குப் பொறி குணமடைந்தாலும் காரணம் தெரியாது. நல்ல அட்டை ஒன்று குப்பைக்குப் போயிருக்கவும் கூடும். இவற்றிற்கெல்லாம் முன்பாக, தேவையான கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

பொறி உறைந்தவுடன் ஒரு சிறு பரிசோதனை செய்யலாம். விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்தி, அதன் விளக்கு மாறுகிறதா என நோக்க வேண்டும். மாறுமாயின் செயலி உயிரோடுதான் உள்ளது. திரைப் பகுதியோ ஒரு செயல்நிரலோ மட்டும் சிக்கியிருக்கிறது. லினக்ஸ் பொறியில் விளக்கு மாறாவிடினும் உடனே முடிவுக்கு வந்துவிடலாகாது. ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் விசைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்னும் விசைகளைச் சில நொடி இடைவெளியில் அழுத்தினால், பல பொறிகள் கோப்புகளைக் காத்துக்கொண்டு ஒழுங்காக மறுபடி தொடங்கும். இதற்கும் அசையாத பொறியில் கோளாறு பெரும்பாலும் வன்பொருளில் உள்ளது. விண்டோஸ் பொறியில் மறுபடி தொடங்கிய பின் ‘கெர்னல் பவர் 41’ என்னும் பதிவு தோன்றும். பெயரைக் கண்டு பலர் மின்வழங்கியை மாற்றிவிடுகின்றனர். பொறி முறைப்படி நிறுத்தப்படவில்லை என்பதற்கு மேல் அப்பதிவு எதையும் கூறுவதில்லை.

இனி வெப்பம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரும் வாயிலாகும். கோடையில் அங்கு 40 டிகிரி செல்சியஸை எட்டும் நாட்கள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று புழுதியையும் கொண்டுவருகிறது. அறை 25 டிகிரியில் உள்ளபோது 70 டிகிரியில் ஓடும் செயலி, அதே வேலைக்கு 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 85 டிகிரியை எட்டும். வெப்பம் கடத்தும் உலோகத் தகடுகளுக்கிடையே புழுதி அடைத்துக்கொண்டால் இன்னும் உயரும். இன்றைய செயலிகள் மிகச் சூடேறினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால் அணைந்துவிடும். எனவே வெப்பத்தால் உறையும் பொறியில் செயலியை மட்டும் சந்தேகித்தல் போதாது. அதற்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் பகுதி, நினைவகம் ஆகியவற்றிற்கு அத்தகைய தற்காப்பு எப்போதும் இருப்பதில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து ஒரு நண்பகல் முழுவதும் இயக்கிப் பார்ப்பது செலவற்ற நல்ல பரிசோதனை.

தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளை வடிவ மின்தேக்கிகளை, அதாவது கெபாசிட்டர்களை, இச்சமயம் கூர்ந்து நோக்குதல் நன்று. அவற்றினுள் உள்ள திரவம் நாளடைவில் வற்றும். உஷ்ணநிலை 10 டிகிரி உயருந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. 2000ஆம் ஆண்டை அடுத்து உலகெங்கும் பல நிறுவனங்களின் தாய்ப்பலகைகளில் குறையுள்ள மின்தேக்கிகள் வீங்கி வெடித்தன. டெல் நிறுவனம் ஒன்றே இதன் பொருட்டு 2005இல் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடிட்டிருப்பதோ, பழுப்பு நிறக் கசிவோ இந்நோயின் அடையாளம். புதிய பலகைகளில் திண்ம வகை மின்தேக்கிகள் இடம்பெற்றபின் இது குறைந்தது. மலிவான மின்வழங்கிகளின் உள்ளே பழைய வகை இன்னும் உள்ளது.

மின்வழங்கியைத் திறந்து பார்க்க முயலுதல் கூடாது. மின்தொடர்பைத் துண்டித்த பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். வெளியே வரும் கம்பிகளை மல்டிமீட்டரால் அளந்தாலே போதும். மஞ்சட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையிலும், சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையிலும் வோல்ட் இருத்தல் வேண்டும். எனினும் அலையலையாக எழும் சிறு ஏற்ற இறக்கத்தை மல்டிமீட்டர் காட்டாது. எனவே ஐயம் இருப்பின் நண்பரிடம் நல்ல மின்வழங்கி ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் பெற்றுப் பொருத்திப் பார்ப்பதே உறுதியான வழி.

இடுக்கியின் மலைப் பகுதியில் சூழ்நிலை வேறு. மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940இலேயே நீர்மின்சாரம் பிறந்தது. 1976இல் தொடங்கிய இடுக்கி மின்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். ஆயினும் மின்சாரம் பிறக்கும் மாவட்டம் என்பதனால் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் மின்னழுத்தம் நிலையாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை. காட்டு வழியே நெடுந்தூரம் வரும் கம்பிகளில் மரக்கிளை உராய்ந்தாலும் அழுத்தம் தடுமாறும். பாறை நிலத்தில் நல்ல எர்த் இணைப்பு அமைப்பதும் கடினம். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு; விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் எடுத்துச் செல்லும் வெப்பம் குறைகிறது. குளிர் அக்குறையை ஈடுசெய்துவிடுவதால் அங்கு வெப்பத்தைக் காட்டிலும் ஈரமே பகை. மழைக்காலத்தில் நினைவக அட்டையின் தொடுமுனைகளில் மாசு படிந்து தொடர்பு விட்டுவிட்டு அமையும். காலையில் உறைந்து, பொறி சற்றுச் சூடேறியபின் ஒழுங்காக ஓடுமாயின் இதனை முதலில் ஐயுறலாம். அட்டையைக் கழற்றி, அழிப்பானால் தேய்ப்பது பலருடைய வழக்கம். அது தங்க முலாமை நாளடைவில் தேய்த்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியே மேல். பல்லியும் எறும்பும் கதகதப்பை நாடிப் பெட்டிக்குள் குடிபுகுவதுண்டு என்பதையும் மறக்கலாகாது.

நினைவக அட்டையே பழுதுற்றிருப்பின் அதனை அறிய இலவச நிரல் உண்டு. கிறிஸ் பிரேடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86, அதன் வழிவந்த மெம்டெஸ்ட்86 பிளஸ் ஆகியவை அட்டையின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, மறுபடி படித்து ஒப்பிடுகின்றன. அரைமணி நேரம் ஓட்டிப் பிழையில்லை எனக் கொள்வது போதாது. இரவு முழுவதும் ஓட வேண்டும். ஒரே ஒரு பிழை தோன்றினாலும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தனியே வைத்துச் சோதித்தல் வேண்டும். இரு வேறு வேகமுள்ள அட்டைகளை இணைத்திருப்பதும், விற்பவர் அமைத்துத் தந்த மிகை வேகமும் பூட்டிய பொறிகளில் அடிக்கடி காணும் குற்றங்கள். பயாஸ் அமைப்பில் இயல்பு நிலைக்குத் திருப்பினால் சில பொறிகள் அன்றே குணமாகிவிடும்.

வேலையின்போது ஒழுங்காக ஓடி, ஓய்வில் மட்டும் உறையும் பொறிகளும் உள்ளன. 2017இல் வெளிவந்த ரைசன் செயலிகளில் முதல் தலைமுறையைச் சேர்ந்த சில, லினக்ஸின் கீழ் இவ்வாறு நின்றன. ஓய்வில் செயலி மிகச் சிறிதளவே மின்னோட்டத்தை இழுக்கும்போது சில மின்வழங்கிகள் அழுத்தத்தைச் சீராகத் தர இயலவில்லை எனக் கருதப்பட்டது. தாய்ப்பலகை நிறுவனங்கள் பயாஸில் இதற்கெனத் தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்தன. இத்தகைய பொறிக்கு உறுப்பு எதுவும் வாங்க வேண்டியதில்லை. பயாஸைப் புதுப்பித்து, அவ்வமைப்பை மாற்றினாற் போதும்.

துலா மாதத்து இடிமழை கேரளத்தில் மின்னலுக்குப் பேர்போனது. அப்போது மின்செருகியைப் பிடுங்குவோர் பலர், இணையக் கம்பியை மறந்துவிடுகின்றனர். மின்னலின் தாக்கு அவ்வழியாகவும் வரும். ஒரு தடவை அடிபட்டும் உடனே சாகாத பலகை, மாதங்கள் கழித்து உறையத் தொடங்குவதுண்டு. ஆகையால் குறிப்பேட்டில் இடி விழுந்த நாட்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குதல் நலம். கழற்றி மாற்றிய பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் ஈயம் கலந்திருத்தல் கூடும். அவற்றைத் தோட்டத்திலோ ஓடையிலோ எறியாமல் மின்குப்பையாகச் சேர்ப்பித்தல் வேண்டும். கேரளத்துப் பள்ளிகளின் மின்குப்பையை மாநில அரசின் ‘கிளீன் கேரளா கம்பெனி’ பெற்றுக்கொள்கிறது.