சோலார் பம்ப்செட்டுக்குள் ஒளிந்திருக்கும் சென்னை ஐஐடி மாணவரின் கண்டுபிடிப்பு! யார் இந்த ஜெயந்த் பாலிகா?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். அது தள்ளிப்போனால், தஞ்சை டெல்டாவில் குறுவை நாற்றைக் காப்பாத்துறது போர்வெல் மோட்டார்தான். அது சோலாரில் ஓடினால், பக்கத்திலேயே ஒரு கன்ட்ரோலர் பெட்டி இருக்கும்.

பெட்டிக்கு என்ன வேலை?

சோலார் பேனல் தருவது டிசி மின்சாரம். ஏசி மோட்டார் அதில் ஓடாது. பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்ச்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகி அதை ஏசியாக மாத்தும். மேகம் மறைச்சா மோட்டார் வேகத்தைக் குறைச்சு ஓட வைக்கும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது 'ஐஜிபிடி'.

அதில் என்ன புதுமை?

பழைய பைபோலார் டிரான்சிஸ்டரை இயக்கவே நிறைய கரன்ட் தேவை. மாஸ்ஃபெட்டை இயக்குவது சுலபம். ஆனால் அதிக வோல்டேஜில் மின்சாரம் வெப்பமாக வீணாகும். இரண்டின் நல்ல குணங்களையும் சேர்த்ததுதான் ஐஜிபிடி.

யார் சேர்த்தது?

1948-ல் சென்னையில் பிறந்த பாலிகா. 1969-ல் சென்னை ஐஐடியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். 1974-ல் அமெரிக்காவில் பிஎச்டி. அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில், 1980-களின் தொடக்கத்தில் ஐஜிபிடியை உருவாக்கினார். 1988-ல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். 2024-ல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு, 10 லட்சம் யூரோ.

இன்வெர்ட்டர் ஏசி, மின்சார ரயில், காற்றாலை எல்லாத்திலும் இதே ஐஜிபிடிதான். டெல்டா விவசாயிக்கோ, வாய்க்காலில் தண்ணி வரும்வரை நாற்று வாடாமல் இருக்க ஒரு வழி.