பேயின் நகக் கீறல்கள்

சுண்ணக்கட்டியைக் கரும்பலகையில் செங்குத்தாக அழுத்தி முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அது துள்ளித் துள்ளிச் சென்று புள்ளிக்கோடு போடும். இதே துள்ளல்தான் 1960-களில் ஹிரோஷிமா நகரின் மாஸ்டா பொறியாளர்களைத் திணற வைத்தது.

ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கலின் சுழல் எஞ்சினைக் காரில் பொருத்த அவர்கள் முயன்றனர். அதில் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன் கிடையாது. இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற அறையினுள் முக்கோண வடிவச் சுழலி சுழலும். வாயு கசியாதிருக்க அதன் மூன்று முனைகளிலும் அடைப்புப் பட்டைகள் உண்டு. சுவரில் உராய்ந்து செல்கையில் இப்பட்டைகள் அதிர்ந்து துள்ளின. உட்சுவரில் வரிவரியாய்ப் பள்ளங்கள்! அவற்றுக்குப் 'பேயின் நகக் கீறல்' என்று பெயரிட்டனர்.

தடிமனான பட்டை போட்டால் தீருமா? தீராது. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பு அதிர்வெண் ஒன்று உண்டு அல்லவா? கெனிச்சி யமமோட்டோவின் குழுவினர் பட்டையினுள் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றினர், கீறல்கள் மறைந்தன. பின்னர் அலுமினியம் ஊட்டிய கார்பன் பட்டையை உருவாக்கினர்.

1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரு சுழலிகள், 982 கன சென்டிமீட்டர், 110 குதிரைத்திறன்! எஞ்சின் சிறிதாகையால் காரின் முன்பகுதியைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. நாம் வியக்கும் அதன் அழகுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எரியறை நீண்டு ஒடுங்கியிருப்பதால் வெப்பம் சுவர் வழியே மிகுதியாக வெளியேறும். பெட்ரோல் செலவும் கூடும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஆயினும் 1991-இல் பிரான்சில் நடந்த லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலில் வந்தது மாஸ்டாவின் சுழல் எஞ்சின் கார்தான்.